மேஸ்திரியை மாற்றினால் மில் ஓடுமா?

ஒரு கால்பந்து அணி தோற்றுக்கொண்டே இருக்கிறது. அடுத்த சீசனுக்குள் அதைத் தூக்கி நிறுத்த வேண்டும். என்ன செய்வது?

விளையாட்டுப் பக்கங்களைப் புரட்டினால் இதற்கு இரண்டே மருந்துதான் எழுதியிருப்பார்கள். பயிற்சியாளரை விரட்டு, புது ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கு. இரண்டும் பலிக்கவில்லையா? மூன்றாவது மருந்து தயாராக இருக்கிறது: ஒரு கோடீஸ்வரரைப் பிடித்துக் கிளப்பை அவர் கையில் ஒப்படைத்து விடு!

மில்லில் வேலை செய்யும் தோழர்களுக்கு இந்த வைத்தியம் புதிதல்ல. இயந்திரம் பழசு, பஞ்சு மட்டம், சாமான்களுக்குப் பணம் ஒதுக்குவதில்லை. நூல் அறுந்து போகிறது. நிர்வாகம் என்ன செய்கிறது? மேஸ்திரியை மாற்றுகிறது. அடுத்த மாதமும் நூல் அறுகிறது. மறுபடியும் மேஸ்திரியை மாற்றுகிறது. ஜெர்மனியில் ஒரு தொழிலாளர் ஊரின் கால்பந்துக் கிளப் ஐந்து வருஷ காலம் இதே வேலையைச் செய்து பார்த்தது. அந்தக் கிளப்பின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் அணி எப்படிக் கெடுகிறது, எப்படி எழுகிறது என்ற இரண்டு பாடமும் அந்த ஒரு கிளப்பிலேயே கிடைக்கின்றன.

சுரங்கத் தொழிலாளர் கிளப்

ஜெர்மனியின் மேற்கே ரூர் பிரதேசம். நிலக்கரியும் எஃகும் விளைந்த மண். அங்கே கெல்சென்கிர்ஷென் என்ற ஊரில் ஷால்கே என்றொரு பேட்டை. 1904-ம் வருஷம் அந்தப் பேட்டையின் பையன்கள் சிலர், பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள், ஒரு பந்தாட்டக் குழுவை ஆரம்பித்தார்கள். அதுதான் பிற்காலத்தில் ‘ஷால்கே 04’ என்று பெயர் பெற்றது. ஆட்டக்காரர்களுக்கு ஜனங்கள் வைத்த பட்டப்பெயரே ‘சுரங்கக்காரர்கள்’ என்பதுதான். 1928-ல் கட்டிய அவர்களுடைய பழைய மைதானத்துக்கு, சுரங்கத்தில் இறங்கும்போது தொழிலாளர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வாழ்த்துச் சொல்லையே பெயராக வைத்தார்கள்.

கிளப்புக்கு முதல் பெரிய அடி 1930-ல் விழுந்தது. அந்நாளில் பந்தாட்டத்துக்குச் சம்பளம் வாங்கக்கூடாது என்பது சட்டம். வசதி படைத்தவர்கள் போட்ட சட்டம். அவர்களுக்கென்ன, ஆடினாலும் சாப்பாடு உண்டு, ஆடாவிட்டாலும் உண்டு! சுரங்கத்தில் வேலை செய்துவிட்டு வந்து ஆடுகிறவனுக்கு அப்படியா? ஷால்கே கிளப் தன் ஆட்டக்காரர்களுக்கு விதி அனுமதித்ததைவிடச் சில மார்க் கூடுதலாகப் படி கொடுத்தது. அது குற்றமாம். 14 ஆட்டக்காரர்களுக்கு ஒரேயடியாகத் தடை விதித்தார்கள். அவமானம் தாங்காமல் கிளப்பின் பொருளாளர் கால்வாயில் விழுந்து உயிரை விட்டார். கிளப் தீர்ந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் ஊர் விடவில்லை. தடை நீங்கி 1931 ஜூன் 1-ந் தேதி பழைய அணி மறுபடியும் களத்தில் இறங்கியபோது 70,000 பேர் கூடினார்கள். மூன்றே வருஷத்தில், 1934-ல், அந்த அணி ஜெர்மன் சாம்பியன் ஆயிற்று.

அதற்கப்புறம் 1942-க்குள் இன்னும் ஐந்து முறை பட்டம். இந்தப் பெருமையைச் சொல்லும்போது அதன் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். இந்த ஆறு பட்டங்களும் ஹிட்லர் ஆட்சியில் வந்தவை. நாஜிகள் இந்தச் சுரங்க அணியைத் தங்கள் பிரசாரத்துக்கு நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். அணியின் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர், யூதர்களிடமிருந்து பிடுங்கப்பட்ட துணிக்கடை ஒன்றைச் சல்லிசான விலைக்கு வாங்கிக்கொண்டார். தொழிலாளி வீட்டுப் பிள்ளை என்பதாலேயே ஒருவன் நியாயவானாகி விடுவதில்லை.

யுத்தத்துக்குப் பின் 1958-ல் ஒரு பட்டம். அதுவே கடைசி. பிறகு சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2018 டிசம்பரில் பக்கத்து ஊரான பாட்ரோப்பில் ஜெர்மனியின் கடைசி நிலக்கரிச் சுரங்கமும் மூடப்பட்டது. கெல்சென்கிர்ஷென் இன்று அந்த நாட்டிலேயே வேலையின்மை மிக அதிகமான ஊர்களில் ஒன்று. சுரங்கம் போயிற்று, கிளப் மட்டும் இருக்கிறது. 62,000 பேர் கொள்ளும் மைதானம் நிரம்பி வழிகிறது. கிளப்பில் சந்தா கட்டும் உறுப்பினர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். இந்த அணி தோற்றால் அந்த ஊரில் அடுப்பெரியாத துக்கம்.

இறைச்சி முதலாளியின் நிர்வாகம்

இப்படிப்பட்ட கிளப் எப்படிக் கெட்டது? 2001 முதல் 2020 வரை அதன் மேற்பார்வைக் குழுத் தலைவராக இருந்தவர் க்ளெமென்ஸ் டெனீஸ். ஜெர்மனியின் மிகப் பெரிய இறைச்சித் தொழிற்சாலை முதலாளி. கிளப்புக்கு அவ்வப்போது கைமாற்றும் கொடுப்பார். கைமாற்றுக் கொடுப்பவர் பேச்சை யார் தட்ட முடியும்?

ஐரோப்பியப் போட்டியில் இடம் கிடைக்கும், கோடிகள் வரும் என்று கணக்குப் போட்டு, வராத பணத்தை முன்கூட்டியே செலவழித்தார்கள். 2018-ல் லீகில் இரண்டாம் இடம் கிடைத்தது. உடனே சுமார் 1 கோடியே 60 லட்சம் யூரோ கொடுத்து ஓர் ஆட்டக்காரரை வாங்கினார்கள்; ஒரு வருஷத்தில் அவரை வேறு கிளப்புக்கு இரவல் கொடுத்தார்கள்! இன்னொரு பக்கம் பாருங்கள். மாடிப், கொலாசினாட்ஸ், கோரெட்ஸ்கா, மேயர், நியூபெல் என்று ஐந்து முதல் தர ஆட்டக்காரர்கள் 2016-க்கும் 2020-க்கும் இடையே ஒப்பந்தம் முடிந்து போனார்கள். கிளப்புக்கு ஒரு செப்புக்காசு கூடக் கிடைக்கவில்லை. ஒப்பந்தத்தைக் காலத்தோடு புதுப்பித்திருந்தால் அத்தனை பேருக்கும் விலை கிடைத்திருக்கும். வாங்குவதில் ஊதாரித்தனம், காப்பதில் அலட்சியம். சொந்தப் பணமாயிருந்தால் இப்படிச் செய்வார்களா?

2020-ல் கொரோனா வந்தது. மைதானம் பூட்டப்பட்டது. வருமானம் நின்றதும் கிளப்பின் உண்மை நிலை வெட்ட வெளிச்சமாயிற்று. அந்த வருஷக் கடைசியில் கடன் சுமார் 21 கோடியே 70 லட்சம் யூரோ. நிர்வாகம் சிக்கனத்தை எங்கே ஆரம்பித்தது தெரியுமா? இளைஞர் அணிப் பையன்களைப் பயிற்சிக்கு ஏற்றிச் சென்று வீட்டில் இறக்கிவிடும் வேன் டிரைவர்கள் 24 பேர். மாதம் 450 யூரோ சம்பளத்துக்கு உழைத்தவர்கள். அவர்களை வேலையை விட்டு நிறுத்தினார்கள்! கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்களை ஒப்பந்தம் செய்தவர்கள், பள்ளத்தை அடைக்கக் கண்டது 24 டிரைவர்களை. அத்தோடு விட்டார்களா? நடக்காத ஆட்டங்களுக்கு டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்ட ரசிகர்களிடம், உனக்கு என்ன கஷ்டம், அத்தாட்சியோடு எழுதிக் கொடு என்று பாரம் நீட்டினார்கள். தன் பணத்தைத் தான் கேட்பதற்குத் தரித்திரச் சான்று! ஊரே கொதித்தெழுந்த பிறகுதான் மன்னிப்புக் கேட்டார்கள்.

அதே ஜூன் மாதம் டெனீஸ் முதலாளியின் இறைச்சித் தொழிற்சாலையில் 1,500-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குத் தொற்று கண்டது. ருமேனியா, பல்கேரியா, போலந்து நாடுகளிலிருந்து காண்டிராக்டர்கள் மூலம் கொண்டு வரப்பட்டு, நெருக்கமான விடுதிகளில் அடைக்கப்பட்டவர்கள் அவர்களில் பெரும்பாலோர். இதன்பின் 2021 முதல் இறைச்சித் தொழிலில் காண்டிராக்ட் முறையையே ஜெர்மன் அரசாங்கம் சட்டம் போட்டுத் தடை செய்ய வேண்டியதாயிற்று. ஷால்கே ரசிகர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மைதானத்தைச் சுற்றிக் கைகோத்து நின்று, ‘ஷால்கே கசாப்புக் கூடமல்ல’ என்று முழங்கினார்கள். ஜூன் 30-ந் தேதி டெனீஸ் ராஜினாமா செய்தார்.

ஆனால் வீடு எரிந்த பிறகு கொள்ளியை எடுத்து என்ன பயன்? அடுத்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே பேயர்ன் அணியிடம் 8-0 என்று தோல்வி. முந்தைய சீசனையும் சேர்த்து 30 லீக் ஆட்டங்களில் ஒரு வெற்றி கூட இல்லை. அந்த ஒரே சீசனில் ஐந்து பயிற்சியாளர்கள். முடிவு? 34 ஆட்டத்தில் வெற்றி 3, வாங்கிய கோல் 86, மொத்தப் புள்ளி 16; இரண்டாம் பிரிவுக்கு இறக்கம். 2021 ஏப்ரலில் இறக்கம் உறுதியான இரவில், திரும்பி வந்த ஆட்டக்காரர்களைச் சில ரசிகர்கள் துரத்தி அடித்தார்கள். இதை நாம் ஆதரிக்கவில்லை. ஆத்திரம் நியாயமானதுதான், ஆனால் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவன் பத்திரமாக வீட்டிலிருக்க, ராத்திரி பஸ்ஸில் வந்திறங்கிய இருபது வயதுப் பையனை உதைப்பதில் என்ன வீரம் இருக்கிறது?

எழுந்தது, மறுபடியும் விழுந்தது

இங்கேதான் நமது கேள்விக்கு முதல் பதில் கிடைக்கிறது. 2021 கோடையில் கையில் பணமில்லை. வாங்க முடியாது. அதனாலேயே புத்தி வந்தது! ஒப்பந்தம் முடிந்தவர்களை விலையின்றிச் சேர்த்தார்கள். இரண்டாம் பிரிவில் பழம் தின்று கொட்டை போட்ட முன்கள ஆட்டக்காரர் சிமோன் டெரோடே, ஹாம்பர்க்கிலிருந்து விலையில்லாமல் வந்தார். 30 கோல் அடித்தார். இந்தக் கிளப்பின் பட்டறையிலேயே உருவாகி வெளியே போயிருந்த லாட்ஸா திரும்பி வந்தார். 2022 மார்ச்சில் அணி தள்ளாடியபோது, வெளியிலிருந்து பெரிய பெயரைத் தேடாமல், கிளப்பிலேயே இருந்த மைக் பியூஸ்கென்ஸ் பொறுப்பேற்றார். 1997-ல் ஷால்கே ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது களத்தில் ஆடியவர். மிச்சமிருந்த 9 ஆட்டத்தில் 8 வெற்றி! செயிண்ட் பாவ்லி அணியிடம் 0-2 என்று பின்தங்கியிருந்த ஆட்டத்தை 3-2 என்று திருப்பி, முதல் பிரிவுக்கு ஏறினார்கள். வேலை முடிந்ததும் பியூஸ்கென்ஸ் தலைமைப் பதவி வேண்டாமென்று சொல்லி உதவியாளராகவே போய்விட்டார். இப்படிப்பட்டவர்கள் எல்லா இடத்திலும் அகப்பட மாட்டார்கள்.

ஒரே சீசனில் எழ முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் நின்றார்களா? இல்லை. 2023 மேயில் மறுபடியும் இறக்கம். 2024-ல் இரண்டாம் பிரிவில் 10-வது இடம். 2025-ல் 14-வது இடம்; கிளப்பின் சரித்திரத்திலேயே இவ்வளவு கீழே போனதில்லை. 2020 செப்டம்பர் முதல் 2025 மே வரை, தற்காலிகமாக இருந்தவர்களையும் சேர்த்தால், பயிற்சியாளர்கள் பத்துப் பேருக்கும் மேல்.

ஏன் நிற்கவில்லை? இரவல் ஆட்டக்காரர்களை நம்பியது ஒரு காரணம். மில் தோழர்களுக்குப் பதிலி என்றால் புரியும். பதிலி நல்ல வேலைக்காரனாக இருக்கலாம். நாளைக்கு அவன் இங்கே இருப்பான் என்பதற்கு உத்தரவாதமில்லை. 2022-ல் அணியை ஏற்றிவிட்டவர்களில் முக்கியமான தற்காப்பு ஆட்டக்காரர் இடாகுரா, மான்செஸ்டர் சிட்டியிடமிருந்து இரவல் வந்தவர். சீசன் முடிந்ததும் அவரை விலை கொடுத்து வைத்துக்கொள்ளக் கிளப்பிடம் காசில்லை. வேறு கிளப் கொண்டு போயிற்று. வருஷா வருஷம் பாதி அணி புதிது. புது ஆட்டக்காரர், புது மேஸ்திரி, புதுத் திட்டம். பக்கத்தில் ஓடுகிறவன் பந்தை எந்தக் காலால் தள்ளுவான் என்று தெரிந்துகொள்வதற்குள் அவன் போய்விடுகிறான். வருஷத்துக்கு இரண்டு முறை முதலிலிருந்து ஆரம்பித்தால் எந்த அணி உருப்படும்?

இன்னொரு காரணம் இதைவிடப் பெரிது. ஷால்கேயின் இளைஞர் பயிற்சிக் கூடத்துக்குச் ‘சுரங்கக்காரர் பட்டறை’ என்று பெயர். 2014-ல் உலகக் கோப்பையை வென்ற ஜெர்மன் அணியில் நோயர், ஓஸில், ஹோவெடெஸ், டிராக்ஸ்லர் என்று நான்கு பேர் இந்தப் பட்டறையில் அடித்து வார்க்கப்பட்டவர்கள். ஓஸிலும் நோயரும் அதே ஊரில் பிறந்தவர்கள்; ஓஸில் துருக்கியத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. இவ்வளவு பெரிய விளைநிலத்தை வைத்துக்கொண்டு, பயிர் முற்றுவதற்கு முன்பே விற்றுக் கடனுக்கு வட்டி கட்டினார்கள். கதிர் பிடிக்கும் முன்னே களத்து மேட்டில் வட்டிக்காரன் வந்து நிற்பதை நமது விவசாயத் தொழிலாளர்கள் பார்த்ததில்லையா? அதே கதைதான்.

கோடீஸ்வரர் வந்தால்?

இந்த இடத்தில் புத்திசாலிகள் சிலர் குறுக்கிடுவார்கள். கிளப்பைக் கம்பெனியாக்கிப் பங்குகளை விற்றுவிட்டால் தீர்ந்தது என்பார்கள். ஷால்கேயின் கால்பந்துப் பிரிவு இன்னும் உறுப்பினர் சங்கமாகவே இருக்கிறது. உறுப்பினர்கள் இசையாமல் அதைக் கம்பெனியாக்க முடியாது. ‘ஜனநாயகம் பேசினால் கோல் விழுமா?’ என்பது இவர்கள் வாதம்.

சரி, விற்றவர்கள் கதி என்ன? ஹாம்பர்க் கிளப் 2014-ல் கம்பெனியாயிற்று. க்யூனே என்ற கோடீஸ்வரரின் பணம் கொட்டியது. 2018-ல் சரித்திரத்தில் முதல்முறையாக முதல் பிரிவிலிருந்து இறங்கியது. திரும்பி ஏற 2025 வரை ஏழு வருஷம் பிடித்தது. பெர்லினில் ஹெர்த்தா கிளப்புக்கு 2019 முதல் விண்ட்ஹோர்ஸ்ட் என்பவர் 37 கோடியே 40 லட்சம் யூரோ கொண்டு வந்தார். 2023-ல் ஹெர்த்தாவும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிற்று. பணம் வந்தது, போயிற்று. யார் பாக்கெட்டுக்குப் போயிற்று என்பதை ஆட்டக்காரர்களின் தரகர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஜெர்மனியில் கிளப்பின் வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர் கையில்தான் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. 2023 டிசம்பரில் லீகின் ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்கை முதலீட்டாளர்களுக்கு விற்கத் தீர்மானித்தார்கள். ரசிகர்கள் நாடெங்கும் டென்னிஸ் பந்துகளையும் சாக்லேட் காசுகளையும் மைதானத்தில் வீசி ஆட்டத்தை நிறுத்தினார்கள். இரண்டு மாதம் ஓயவில்லை. 2024 பிப்ரவரி 21-ல் திட்டத்தையே கைவிட்டார்கள். விலைபோகாமல் காப்பாற்றியவர்கள் டிக்கெட் வாங்கி நிற்கும் ஜனங்கள்தான்.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்?

2025 கோடையில் ஷால்கே வேறு வழியில் போயிற்று. நிர்வாகத்துக்கு பிராங்க் பவுமன், பயிற்சிக்கு மிரோன் முஸ்லிச். முஸ்லிச் பெரிய பெயரெடுத்தவர் அல்ல. போஸ்னியாவில் பிறந்து, 1992 யுத்தத்தில் ஒன்பது வயதில் அகதியாக ஆஸ்திரியாவுக்கு ஓடி வந்தவர். அவர் அழகு ஆட்டம் பேசவில்லை. ஓடு, நெருக்கு, பந்தை விடாதே, முதலில் கோல் வாங்காமல் இரு, இவ்வளவுதான். முந்தைய சீசனில் 14-வது இடத்தில் முடித்த கிளப், 2025 டிசம்பரில் பாதி சீசன் முடிந்தபோது இரண்டாம் பிரிவின் முதலிடத்தில் நின்றது. மலைபோல் கோல் குவித்து அல்ல, வாங்காமல் இருந்து.

நொடித்த அணி அடுத்த சீசனுக்குச் செய்ய வேண்டிய முதல் காரியம் இதுதான் என்பது நமது அபிப்பிராயம். தற்காப்பும் தேகபலமும் விலை கொடுத்து வாங்க வேண்டியவை அல்ல, உழைத்துச் சம்பாதிக்கலாம். அடுத்தது, பயிற்சியாளரை இரண்டு சீசனாவது கைவைக்காமல் விட வேண்டும். இரவலைக் குறைத்து, பட்டறையிலிருந்து வருஷத்துக்கு இரண்டு பேரையாவது முதல் அணிக்குக் கொண்டுவந்து, அவர்கள் ஒப்பந்தத்தை முடியுமுன்னே புதுப்பிக்க வேண்டும். சிக்கனம் வேண்டுமா, உச்சியிலிருந்து ஆரம்பிக்கட்டும். டிரைவர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து எந்த அணியும் ஏறியதில்லை.

கடன் விஷயம் பாக்கியிருக்கிறது. அதற்கும் ஒரு வழி பிறந்திருக்கிறது. ஹாம்பர்க்கிலுள்ள செயிண்ட் பாவ்லி கிளப் 2024 நவம்பரில் கூட்டுறவுச் சங்கம் மூலம் பங்கு திரட்டத் தொடங்கிற்று. சில மாதங்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சுமார் 2 கோடியே 90 லட்சம் யூரோ கொடுத்தார்கள். மைதானத்தின் பெரும்பங்கு சங்கத்தின் கைக்கு வந்தது. ஷால்கேயும் அதே வழியில் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்திருக்கிறது. பங்கு ஒன்றுக்கு 250 யூரோ. திரளும் பணத்தில் சங்கம் மைதானத்தின் பங்குகளை வாங்கும். கிளப் அதைக்கொண்டு கடனைக் குறைக்கும்.

இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. தொழிலாளியின் சேமிப்பு முதலாளி நிர்வாகம் தோண்டிய பள்ளத்தை அடைக்கத்தான் போகிறது என்றால், பள்ளம் தோண்டும் அதிகாரமும் சேர்ந்தே பறிக்கப்பட வேண்டும். பங்குப் பணத்தில் ஒரு காசு கூட ஆட்டக்காரர் வாங்கவோ தரகுக் கூலிக்கோ போகக்கூடாது என்று சங்கத்தின் விதியிலேயே எழுத வேண்டும். கணக்கை வருஷா வருஷம் மைதானத்தில் வைத்துப் படிக்க வேண்டும். 250 யூரோ என்பது வேலையிழந்தவர்கள் நிறைந்த கெல்சென்கிர்ஷெனில் சின்னத் தொகையல்ல. ஆகவே மாதம் பத்து யூரோ கட்டுகிறவனுக்கும் பங்கு உண்டு, பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரே வோட்டு என்றிருக்க வேண்டும். 2020-ல் வேலை போன அந்த 24 டிரைவர்களும் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று கணக்குக் கேட்கும்படி இருக்கட்டும்.